புதுப்பிப்பு: செண்பக விதை முளைத்துவிட்டது!

போன வருடம் இதே இழையில், "முப்பது செண்பக விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். விதையைக் காயவைத்ததுதான் தப்பு என்று இங்கே இரண்டு பேர் சொன்னீர்கள். அதுவேதான் காரணம். செண்பக விதை ஈரம் போனால் சீக்கிரம் உயிரை விட்டுவிடும். நான் அதை இரண்டு மாதம் டப்பாவில் வைத்திருந்தேன்.

இந்த முறை மரத்திலேயே வெடித்த காய்களிலிருந்து எடுத்தேன். பறவைகளுக்கு விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதை மிகவும் பிடிக்கும், அதனால் விடியற்காலையிலேயே போக வேண்டியிருந்தது. விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்துச் சதையைச் சுத்தமாக எடுத்தேன். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தடைபடும், எறும்பும் வரும். அன்றைக்கே செம்மண், மணல், மட்கிய எரு கலந்த தட்டில் விதைத்து நிழலில் வைத்தேன்.

ஐந்தாவது வாரம் முதல் முளை. இருபதில் பதினொன்று வந்திருக்கிறது! பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நான்கு இலை விட்டிருக்கின்றன. இளங்கன்றுக்கு நேர் வெயில் ஆகாது, வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. விதைக் கன்று பூக்கப் பல வருடம் ஆகும். சீக்கிரம் பூ வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள். எனக்கு அவசரமில்லை. அப்புறம், கன்று வேண்டுபவர்கள் சொல்லுங்கள், ஆறு தர முடியும்.