கீசர் வால்வுல தண்ணி சொட்டினா அது லீக்கா, இல்லையா?

மேடவாக்கம்வாசி:
நேத்து ஒருத்தர் "கீசர் ஒழுகினா கையே வைக்காதீங்க, ஆள கூப்பிடுங்க"ன்னு எழுதியிருந்தாரு, படிச்சதும் எரிச்சலாயிடுச்சு. எங்க வீட்டு 25 லிட்டர் கீசர்ல சேஃப்டி வால்வு மூணு மாசமா சொட்டிட்டே இருந்துச்சு. வந்த ஆளு புது கீசரே வாங்குங்கன்னுட்டான். நானே எம்-சீல் பிசைஞ்சு அந்த ஓட்டைய அடைச்சுட்டேன், அரைமணி நேர வேலை. இப்ப ஒரு சொட்டு இல்ல.

குழாய்க்காரன்:
சார், மொதல்ல போய் கீசர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. நீங்க அடைச்சது லீக்க இல்ல, கீசர் மூச்சு விடுற வழிய. தண்ணி சூடானா விரியும், 25 டிகிரில இருந்து 65 டிகிரிக்கு போனா உங்க 25 லிட்டர் சுமார் 400 மில்லி கூடும். அந்த வால்வுக்குள்ளயே தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் இருக்குறதால அது திரும்ப மேல்டேங்குக்கு போக முடியாது, அதான் சொட்டுது. 22 வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்.

மேடவாக்கம்வாசி:
சுவிட்ச் போடாத ராத்திரிலயும் சொட்டுச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? லீக் லீக்தான்.

குழாய்க்காரன்:
அப்படின்னா வால்வுக்குள்ள உப்பு உக்காந்திருக்கு, போர் தண்ணில அதுதான் நடக்கும். வால்வ மாத்தணும், அடைக்கக் கூடாது. சூடானதும் கரண்ட நிறுத்துற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு, அது தவறினா நிறுத்துற கட்அவுட்டும் வேலை செய்யலன்னா அழுத்தம் ஏறிக்கிட்டே போகும், டேங்கே வெடிக்கும். வீட்ல குழந்தைங்க இருக்காங்கல்ல?

கோவைசரவணா:
வந்துட்டாருங்க பயமுறுத்த. மொட்டமாடி டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தாலே 1 பார்தானுங்க அழுத்தம், வால்வு தெறக்குறது 8 பார்ல. அப்புறம் எப்படிங்க சொட்டும்? எங்க வீட்ல 11 வருஷமா ஒரு சொட்டு வந்ததில்ல. சிறுவாணி தண்ணிங்க, உங்க ஊரு உப்புத்தண்ணி இல்ல.

குழாய்க்காரன்:
1 பார்ங்கிறது குளிர்ந்த தண்ணிக்கு. நான்-ரிட்டர்ன் மூடின டேங்க்ல சூடாக்கினா 8 பார் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. உங்க வீட்ல வால்வு இருக்கான்னே மொதல்ல பாருங்க, இருந்தா லிவர தூக்கிப் பாருங்க, 11 வருஷத்துல இறுகிப் போயிருக்கும்.

நங்கநல்லூர் ராஜி:
எங்காத்து கீசர்ல ஒழுகறது வால்வுலேர்ந்து இல்ல, அடிப்பக்கம் மூடிகிட்டேர்ந்து. வெல்டிங் வெச்சுடலாம்னு பக்கத்தாத்துல சொல்றா. செய்யலாமா?

குழாய்க்காரன்:
அம்மா, வெல்டிங் வேண்டவே வேண்டாம், கிளாஸ் லைனிங் டேங்க்னா உள்பூச்சு சூட்டுல வெடிச்சிடும், அப்புறம் துருதான். அடில போல்ட் போட்ட பிளேட் ஓரமா ஒழுகினா நடுவுல இருக்குற ரப்பர் வளையம், அதான் கேஸ்கட், போயிருக்கும், அத வீட்லயே மாத்தலாம். மெயின ஆஃப் பண்ணி, தண்ணிய ஆறவிட்டு முழுசா வடிச்சுட்டு, புது கேஸ்கட் போட்டு போல்ட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அப்படியே டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ள வெச்சிருக்குற மெக்னீசியம் ராட் கரைஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க. டேங்கே ஓட்டைன்னா கீசர மாத்தறது தவிர வழியில்ல. தண்ணி ரொம்பி குழாய்ல வந்தப்புறம்தான் சுவிட்ச் போடணும்.

மேடவாக்கம்வாசி:
ஓ, அவங்க வீட்லயே செய்யலாம், நான் செஞ்சா மட்டும் தப்பா?

குழாய்க்காரன்:
வீட்ல செய்யறது தப்புன்னு நான் எங்க சொன்னேன்? அடைச்சது தப்புன்னேன். வால்வு சில நூறு ரூபாதான், டெஃப்லான் டேப்ப மரை ஏறுற திசைல சுத்தி நீங்களே மாட்டலாம்.

கோவைசரவணா:
எந்தத் திசைல சுத்துனாலும் நிக்குமுங்க. இதுக்கும் ஒரு பாடமா?

குழாய்க்காரன்:
எதிர்த்திசைல சுத்தினா இறுக்கும்போதே பிரிஞ்சு வந்துடும். ஒரு தடவையாவது பைப் மாட்டியிருந்தா இத கேட்டிருக்க மாட்டீங்க.

கோவைசரவணா:
எங்க அப்பாரு மோட்டார் ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தவருங்க, எனக்கே மரை சொல்லித் தர்றீங்களா?

மேடவாக்கம்வாசி:
டேப்ப விடுங்க. காலைல கூட சுடுதண்ணில குளிச்சேன், ஒண்ணும் ஆகல, ஒரு சொட்டும் இல்ல. சொட்டினா அது லீக்தான்.

குழாய்க்காரன்:
லீக் இல்ல சார். இன்னிக்கு ராத்திரி அந்த எம்-சீல உடைச்சு எடுங்க, புது வால்வு மாட்டற வரைக்கும் சுவிட்சே போடாதீங்க.