மறு: வழியோரக் கீரை பறிப்பதற்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே,

ஆங்கிலத்தில் ‘foraging’ என்பதற்கு, அதாவது தானாக முளைத்த கீரையையும் காளானையும் கிழங்கையும் தேடிப் பறிப்பதற்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு வந்த சொற்களைப் பார்த்தேன். ‘இரைதேடல்’ விலங்கியலுக்குப் பொருந்தும். கோழியும் குருவியும் இரை தேடட்டும். ஹட்டன் நகரில் மதிலோரம் வல்லாரை பறிக்கும் என் அம்மாயியிடம் போய் "இரை தேடுகிறீர்களா?" என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ‘காட்டுணவு சேகரிப்பு’ என்பதும் ஒட்டவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் காடு ஏது? ‘பொறுக்குதல்’ பற்றிப் பேசவே வேண்டாம்.

பழஞ்சொல் தேடியவர் ‘அடகு’ என்றார். உண்ணும் இலைக்கு அழகான பெயர்தான். ஆனால் மாதக் கடைசியில் தோட்டைக் கழற்றி வைக்கப் போகும் ஊரில் ‘அடகு கொய்தல்’ என்று சொன்னால் யார் கீரையை நினைப்பார்கள்?

‘கொய்தல்’ மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. புறநானூறு 159இல் புலவர் பெருஞ்சித்திரனாரின் மனைவி கொய்வது குப்பைக்கீரையை. அதுவும் முன்பு கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த இளந்தளிரை. உப்பும் இல்லாமல் வேகவைத்துத் தின்கிறாள். கிள்ளிய கணுவில் மீண்டும் துளிர்க்கும் என்பதைத் தேயிலைக் கொழுந்தெடுத்த கைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கொய்வது பாதி வேலைதான். போன மாதம் தேயிலை மலைக்குக் கீழே, கானோரத்தில் (வடிகால் ஓரத்தில்) பொன்னாங்காணி தளதளவென்று நின்றது. பெருமையோடு குனிந்தேன். அம்மாயி என் கையைத் தட்டிவிட்டார். அவர் கீரையைப் பார்க்கவே இல்லை. மேலே ஒரே கோடாகக் கருகிக் கிடந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து அடித்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் எங்கே வரும்?" கிளைபோசேற் என்ற களைக்கொல்லியை இலங்கையில் 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்திய கதை அவருக்குத் தெரியாது. முப்பது வருடம் மலையில் நின்றவருக்குக் கருகலின் நிறம் தெரியும். பிறகு வேறோர் இடத்தில் வல்லாரை பறித்தோம். இலை விளிம்பின் அரைவட்டப் பல்லை விரலால் தடவி, கசக்கி முகர்ந்து, சந்தேகப்பட்ட இரண்டை வீசிவிட்டுத்தான் மற்றவற்றை மடியில் கட்டினார்.

அந்த மற்றப் பாதியும் சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘தேர்ந்து கொய்தல்’ என்பதைச் சுருக்கித் ‘தேர்கொய்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். மாத்தளை அம்மன் கோயில் தேர் கண்முன் வந்து நின்றது. ஆகவே ‘தெரிகொய்தல்’. இலங்கையில் தெரிவு என்றால் தேர்வு, தெரிவுக்குழு என்று நாள்தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். அறிதல் என்ற பொருளும் தெரிதலுக்கு உண்டு. அறிந்து, ஆய்ந்து, பிறகு கொய்வது. ஊருக்குள் செய்தால் ‘நகர்த் தெரிகொய்தல்’.

காளானையும் கிழங்கையும் ‘கொய்’ தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே முன்பாதியை வைத்துக்கொண்டு தெரிபறித்தல், தெரியகழ்தல் என்று மாற்றலாமா? செய்பவரைத் ‘தெரிகொய்நர்’ என்பதா, ‘தெரிகொய்வோர்’ என்பதா? முதலாவது எனக்கு இனிக்கிறது, அம்மாயிக்குச் சிரிப்பு வருகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.