அம்பாசடர் மார்க் 3: எஞ்சின் வேலை முடிந்தும் சூடானால் உதறுகிறது

நண்பர்களே, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) புது பிஸ்டன், ரிங் போட்டு, ஹெட்டில் வால்வு வேலையும் செய்தாயிற்று. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நன்றாகச் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) உதறி, கார்ப்பரேட்டர் வழியாக டப் டப் என்று திருப்பி அடிக்கிறது. ஸ்பார்க் வரும் நேரத்தை டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. பிளக் வயர் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசைதான். வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1: டாப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) டைட்டாக இருக்கும் சார். புது ஹெட் கேஸ்கட் சூட்டில் அமுங்கும், ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் வைத்தால் (குறித்த அளவுக்கு முறுக்கினால்) டாப்பெட் இடைவெளி இன்னும் குறையும், அப்புறம் சூட்டில் வால்வு முழுசாக மூடாது. முதலில் டார்க், பிறகு எஞ்சினைச் சூடாக்கி இடைவெளியை 0.015 அங்குலம் வையுங்கள். ஒன்பது கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 8வது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1வதைச் சரிசெய்யணும், 6வது திறந்திருக்கும்போது 3வதை. கூட்டினால் எப்போதும் 9.

பதில் 2: மேனிஃபோல்ட் (கார்ப்பரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள். தயவுசெய்து பெட்ரோல் அடித்துப் பார்க்காதீர்கள், இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட்டும் அதே பக்கம், தீப்பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும், ஐடில் மாறினால் அங்கேதான் லீக்.

கேட்டவர்: மேனிஃபோல்டில் லீக் இல்லை. 6, 7 வால்வுகள் இரண்டிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை, இரண்டுமே இன்லெட். எல்லாவற்றையும் சரிசெய்ததும் திருப்பி அடிப்பது அடியோடு நின்றுவிட்டது, ஐடிலும் சீராக இருக்கிறது. ரொம்ப நன்றி!

பதில் 1: சந்தோஷம் சார். கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இடைவெளியைப் பாருங்கள், ஆயிலையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.