புதுப்பிப்பு: பெரியப்பா நினைவு உதவித்தொகை தொடங்கிவிட்டோம்

ராணுவ மருத்துவப் படையில் இருந்துவிட்டு, ஊரில் பாம்புக்கடிக்கும் விபத்துக்கும் ராப்பகல் பாராமல் வைத்தியம் பார்த்த எங்கள் பெரியப்பா பெயரில் மாணவர் உதவித்தொகை தொடங்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தனி அறக்கட்டளை என்றால் ஆண்டுதோறும் கணக்கு, தாக்கல் என்று நீளும். அதனால் கல்லூரியிலேயே வைப்புநிதி போட்டு வட்டியில் கொடுக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அசல் அப்படியே இருக்கும்.

எதிர்பாராதது வரி விஷயம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. சித்தப்பா ரொக்கத்தைத் திருப்பி வாங்கி, காசோலையாகத் தந்தார். கல்லூரிக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்றும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

முதல் தொகை, அவசர சிகிச்சைப் படிப்பில் சேர்ந்த கூலித் தொழிலாளி மகளுக்கு. பெரியம்மாவே கையில் கொடுத்தார்.