சாயப்பட்டறைக்கு ஷெஃப்லர் டிஷ்: ஸ்டீம் உண்மையில் எவ்வளவு வரும்?

திருப்பூர்_பிராசஸ்: மாடியில் 16 சதுர மீட்டர் ஷெஃப்லர் டிஷ் (வெயிலை ஒரே இடத்தில் குவித்து ஸ்டீம் எடுக்கும் கண்ணாடி) பத்து போட்டால், டிஷ்ஷுக்குத் தினம் 50 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் என்கிறது விலைப்புள்ளி. இப்போது விறகு பாய்லர், 4 பார் அழுத்தத்தில் ஸ்டீம். நம்பலாமா?

கொதிகலன்: வேண்டாம் சார். 16 என்பது கண்ணாடியின் பரப்பு. டிஷ் சாய்ந்தே நிற்பதால் சூரியனுக்கு நேராக அமைவது மார்ச், செப்டம்பரில் சுமார் 11.7 சதுர மீட்டர், ஜூனில் 9 சொச்சம்தான். டிசம்பரில் 13.6. நேரடி வெயில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4.5 யூனிட் என்று வையுங்கள். அதில் மிஞ்சும் பங்கு: கண்ணாடியில் 0.85, ரிசீவரில் (குவிந்த வெப்பத்தை வாங்கித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பகுதி) 0.7, ஹெட்டர் எனும் பொது ஸ்டீம் குழாயின் இழப்பும் காலைச் சூடேற்றமும் போக 0.8. மார்ச் பரப்போடு பெருக்கினால் டிஷ்ஷுக்கு நாளுக்கு 25 யூனிட், அதாவது 34 கிலோ ஸ்டீம். பத்து டிஷ்ஷும் சேர்ந்து, மணிக்கு ஒரு டன் ஸ்டீம் தரும் பாய்லர் இருபது நிமிடத்தில் தருவதைத்தான் நாள் முழுக்கத் தரும்.

கதிர்வேல்_சோலார்: ஷீரடி கோயில் சமையற்கூடத்தில் 2009-இல் 73 டிஷ் போட்டார்கள், அறிவித்த திறன் நாளுக்கு 3,500 கிலோ ஸ்டீம். டிஷ்ஷுக்கு 48 கிலோ ஆகிறதே? உங்கள் 0.7, 0.8 எல்லாம் பராமரிப்பில்லாத இடத்துக் கணக்கு.

கொதிகலன்: அறிவித்த திறன் வேறு, ஸ்டீம் மீட்டர் காட்டுவது வேறு. ஷீரடி வறண்ட தக்காணம். இங்கே ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகமும் காற்றும் வரும். பரப்பு சுருங்கும் மாதமும் அதேதான். மேகம் மூடினால் டிஷ்ஷுக்குப் பூஜ்யம். வெற்றிடக் குழாய் (வீட்டு சோலார் ஹீட்டரில் வரும் இரட்டைக் கண்ணாடிக் குழாய்) சிதறல் ஒளியிலும் கொஞ்சம் சுடும்.

கதிர்வேல்_சோலார்: அந்தக் குழாயில் 4 பார் ஸ்டீமுக்கு வேண்டிய 152 டிகிரி எட்டாது. டிஷ் கெடுவது பெரும்பாலும் கவனக்குறைவால். பருவச் சாய்வை மூன்று நான்கு நாளுக்கொருமுறை கையால் திருத்தாவிட்டால் குவியம் ரிசீவரை விட்டு நழுவும். டிஷ்ஷைச் சூரியனோடு திருப்பும் செயின் தளர்ந்தாலும் அப்படியே. தூசியில் சிதறும் ஒளி குவியத்துக்கு வராது, அதனால் மின்சாரம் தரும் சோலார் பேனலைவிட இங்கே அடி அதிகம். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படிவு. உள்ளே விட்டால் ரிசீவரில் உப்பு. உங்களிடம் ஆர்.ஓ. தண்ணீர் இருக்குமே, இரண்டுக்கும் அதையே விடுங்கள்.

கொதிகலன்: சரி, நன்றாகவே பராமரிக்கட்டும். அந்த 25 யூனிட் எவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்தும்? 3,500 கிலோ கலோரி விறகு, பாய்லர் திறன் 65% என்றால் ஒன்பதரை கிலோ. கிலோ 6 ரூபாய் என்றாலும் டிஷ்ஷுக்கு நாளுக்கு 57 ரூபாய். டீசல் என்றால் 3 லிட்டர், கேஸ் என்றால் இரண்டரை கிலோ. அங்கே பேசலாம், விறகோடு முடியாது.

திருப்பூர்_பிராசஸ்: அப்போ ஃபீட் வாட்டரை, அதாவது பாய்லருக்குள் போகும் தண்ணீரை மட்டும் சூடாக்கினால்?

கொதிகலன்: கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆகும் தண்ணீர்) பாய்லருக்குத் திரும்புகிறதா? அது ஏற்கெனவே 80 டிகிரியில் வரும், சூரியனுக்கு வேலை மிஞ்சாது. சாயத் தொட்டிக்குப் போகும் புதுத் தண்ணீரை 30-லிருந்து 60-க்கு ஏற்றுங்கள். அதற்கு வெற்றிடக் குழாயும் ஒரு தொட்டியும் போதும்.

கதிர்வேல்_சோலார்: அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் விறகை நிறுத்தி கேஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் டிஷ்ஷைத் தள்ளிவிடாதீர்கள். அப்போதும் ஒப்பந்தத்தில் 'யூனிட்' வேண்டாம், ஸ்டீம் மீட்டர் கிலோவுக்குத்தான் பணம் என்று எழுதச் சொல்லுங்கள்.

கொதிகலன்: ஜூலை மாத அளவையும் சேர்த்து.