பழைய சதுர மானிட்டரில் புது லேப்டாப்: எழுத்தின் புள்ளி தெரியவில்லை

மெய்ப்பு மேசை, திண்டுக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். பதினெட்டு வருடமாக வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். பழைய லேப்டாப் போன மாதம் அடியோடு நின்றுவிட்டது. மகள் புதிது வாங்கிக் கொடுத்தாள். அதில் என் பழைய மானிட்டரின் நீல முனைக் கேபிளான விஜிஏ சொருக இடமே இல்லை. ஒரு ஹெச்டிஎம்ஐ, இரண்டு டைப்-சி, அவ்வளவுதான். என் மானிட்டர் 2009-இல் வாங்கிய 19 அங்குலச் சதுரத் திரை, 1280க்கு 1024 பிக்சல் (திரைப் புள்ளி).

கடையில் முதலில் தந்த அடாப்டரைப் போட்டால் 'நோ சிக்னல்' என்றே வந்தது. அது விஜிஏவை ஹெச்டிஎம்ஐ ஆக்குவது, எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர் என்று அப்புறம்தான் புரிந்தது. மாற்றி வாங்கினேன். இப்போது படம் வருகிறது, ஆனால் எழுத்து ஈரத்தாளில் அச்சடித்தது போல ஊறிக் கிடக்கிறது. 'பத்து' என்று இருப்பதில் புள்ளி இருக்கிறதா என்று மூக்கு திரையில் முட்டப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'கெடு'வும் 'கேடு'ம் ஒன்றாகவே தெரிகின்றன. கொம்பின் மேலே இருக்கும் அந்தச் சின்னச் சுழி முழுதாக அடைத்துக்கொள்கிறது. என் வேலையே அந்தச் சுழியைப் பார்ப்பதுதான். நேற்று நாற்பது பக்கத்தில் ஏழு ஒற்றுப்பிழையைத் தவறவிட்டு, தாளில் எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

மானிட்டருக்கு வயதாகிவிட்டதா, அடாப்டர் கோளாறா? டைப்-சி வழியாகப் போட்டால் தெளிவாக வருமா?

வயர் அண்ணாச்சி, நெல்லை:

மானிட்டர் மேல் பழி போடாதீங்க அக்கா. படம் வருகிறது என்றால் அது நல்லாத்தான் இருக்கிறது. முதலில் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' என்று இருக்கும். லேப்டாப் திரை அகலம், உங்கள் மானிட்டர் சதுரம். இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டச் சொன்னால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஓர் அளவை எடுத்து, மானிட்டரில் இழுத்துப் பரப்பும். எழுத்து ஊறுவது பாதி அதனால்தான். 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள், இரண்டும் தனித்தனித் திரையாகிவிடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டாம் திரையைத் தேர்ந்தெடுத்து 1280க்கு 1024 வையுங்கள். வேறு எந்த அளவும் அந்தத் திரைக்குப் பொருந்தாது.

அப்புறம் எழுத்து நிறைந்த ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்துகொண்டு மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். கருப்புத் திரையில் அழுத்தினால் அதற்கு ஓரம் தெரியாது, தப்பாகக் கணக்குப் போடும்.

டைப்-சி பற்றி: எல்லா டைப்-சியிலும் படம் வராது. சார்ஜ் ஏறுகிறது என்பதற்காகப் படமும் வரும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். துளைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள். குறி போடாத லேப்டாப்பும் உண்டு, அப்போது மாடல் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். அதிலும் விஜிஏவுக்கு மாற்றினால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

தறி மேடை, கோவை:

இவ்வளவு சிரமம் எதற்கு? 22 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஹெச்டிஎம்ஐ நேராகப் போகும்.

மெய்ப்பு மேசை:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது, நன்றி. புள்ளி தெரிகிறது. சுழிதான் இன்னும் சில இடத்தில் மங்கல், குறிப்பாகத் திரையின் வலது ஓரத்தில்.

தறி மேடை தம்பி, நானும் அதை யோசித்து அளவுநாடாவோடு கடைக்கே போனேன். என் திரையின் உயரம் 30 சென்டிமீட்டர். 22 அங்குல அகலத் திரை 27தான் வருகிறது. என் உயரம் வேண்டுமானால் 24 அங்குலத்துக்குப் போக வேண்டும், அதன் அகலம் 53. என் மேசையில் ஒரு பக்கம் மூலப்பிரதி, ஒரு பக்கம் அகராதி. அரை மீட்டருக்கு மேல் திரைக்கே கொடுத்தால் இரண்டில் ஒன்று கட்டிலுக்குத்தான் போகும். ஒரு பக்கத்தை முழுசாகப் பார்க்க இந்தச் சதுரம்தான் எனக்குத் தோது.

பழைய பெட்டி, தஞ்சாவூர்:

அம்மா, மானிட்டரின் பின்பக்கம் நீல விஜிஏவுக்குப் பக்கத்தில் அகலமாக வெள்ளை நிறத்தில் இன்னொரு துளை இருக்கிறதா?

மெய்ப்பு மேசை:

இருக்கிறது! ரப்பர் மூடிகூட இன்னும் கழற்றவில்லை. அது எதற்கு என்று இத்தனை வருடமாகத் தெரியாது.

பழைய பெட்டி:

அதுதான் டிவிஐ. இனி விஜிஏவை விட்டுவிடுங்கள். விஜிஏ 1987-இல் பழைய படக்குழாய் மானிட்டர்களுக்காக வந்தது, அலை வடிவ சிக்னல். லேப்டாப் எண்ணாக அனுப்புவதை அடாப்டர் அலையாக்குகிறது, மானிட்டர் அதை மறுபடி எண்ணாக்குகிறது. அப்படி மாற்றும்போது ஒரு பிக்சல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மானிட்டர் ஊகித்தாக வேண்டும். ஊகம் துளி பிசகினாலும் பக்கத்துப் பிக்சல் கலந்துவிடும். உங்கள் சுழி அடைத்துக்கொள்வது அங்கேதான்.

டிவிஐயும் ஹெச்டிஎம்ஐயும் படத்தை எண்ணாகவே, ஒரே முறையில்தான் அனுப்புகின்றன. நடுவில் மாற்றும் பெட்டி வேண்டாம், வெறும் கேபிள் போதும். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிவிஐ. வாங்கும்போது டிவிஐ முனையில் '24+1' ஊசி உள்ளதாகக் கேளுங்கள். '24+5' தந்தால் தட்டையான ஊசியைச் சுற்றி நான்கு ஊசி கூடுதலாக இருக்கும், உங்கள் துளையில் நுழையாமல் போகலாம். அழுத்தித் திணித்துவிடாதீர்கள்.

மெய்ப்பு மேசை:

280 ரூபாய்க்குக் கேபிள் கிடைத்தது. மாட்டியதும் திரை கருப்பாகவே நின்றது, நெஞ்சு திக்கென்றது. மானிட்டரில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி டிவிஐக்கு மாற்றியதும் வந்துவிட்டது. பழைய லேப்டாப்பில்கூட இந்தத் திரையை இப்படி நான் பார்த்ததில்லை. 'கேடு'வின் சுழிக்குள்ளே வெள்ளை தெரிகிறது!

ஒன்றே ஒன்று பாக்கி. பக்கம் கட்டும் பழைய மென்பொருளை லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு இழுத்தால் அது மட்டும் மங்கலாகிறது. மற்றதெல்லாம் தெளிவு.

வயர் அண்ணாச்சி:

லேப்டாப்பில் எழுத்தளவு 150 சதவீதம், மானிட்டரில் 100 என்று இருக்கும். பழைய மென்பொருளுக்கு இரண்டு கணக்கு தெரியாது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டரை 'மெயின் டிஸ்ப்ளே' ஆக்கிவிட்டு, ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

மெய்ப்பு மேசை:

சரியாகிவிட்டது அண்ணாச்சி. அந்த நாற்பது பக்கத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் எட்டாவது ஒற்றுப்பிழையும் மாட்டியது. தாளிலும் தப்பிய பிழை.