கைக்கு வேலை கொடுத்தபோது மனம் என்ன செய்தது?

மனச்சோர்வில் இருந்த நாட்களில் உடம்பை, குறிப்பாகக் கையை வேலை வாங்கிப் பலன் கண்டவர்கள் எழுதுங்கள். பலன் இல்லை என்பவர்களும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். மாத்திரை ஆரம்பித்துத் தூக்கம் ஓரளவு சரியாகியிருந்தது. பகல்தான் நகரவில்லை. படுத்துக்கொண்டு பழையதைக் கிளறுவதே முழுநேர வேலை. அப்போது ஆலோசகர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். என்ன செய்தேன், செய்யும் முன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், செய்த பின் எத்தனை, அவ்வளவுதான். “பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். இப்போது உங்களுக்கு எதுவும் பிடிக்காது. சும்மா செய்துவிட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள்” என்றார். உற்சாகமாக இரு என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

வீட்டு மூலையில் வார்னிஷ் உரிந்த மர நாற்காலி ஒன்று கிடந்தது. உப்புத்தாள் வாங்கினேன். முதலில் சொரசொரப்பான 80 எண் தாள், அப்புறம் 120, கடைசியில் 220. மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், பூச்சு அடிக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். பழைய வார்னிஷ் பிசினாகித் தாளில் அப்பிக்கொள்ளும். தட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும். இதிலெல்லாம் கண் வைத்திருக்கும்போது தலைக்குள் ஓயாமல் நடக்கும் வழக்குக்கு வாய்தா கிடைத்தது. தள்ளுபடி ஆகவில்லை, வாய்தாதான். விரலால் தடவினால் தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் தெரிந்தது. அன்று நான் ஏதோ செய்திருக்கிறேன் என்பதற்கு அந்த வழவழப்பே சாட்சி. முன் 2, பின் 4 என்று எழுதினேன்.

மறுமொழி 1

மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகள் வழியாகவே நோயாளியைத் தேற்றும் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாற்காலி நண்பரே, உங்களுக்குத் தந்த தாள் ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ முறையைச் சேர்ந்தது. 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்தது அது. சோர்ந்தவர் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறார். ஒதுங்கியதால் மனதுக்கு இதமாக எதுவும் நடப்பதில்லை. அதனால் சோர்வு கூடுகிறது, இன்னும் ஒதுங்குகிறார். மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல், செயலில் கைவைத்து இந்தச் சுழலை உடைக்கப் பார்ப்பதுதான் முறை. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சையை (எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். செயலில் ஈடுபடுத்தும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகரான பலனைக் கொடுத்தது.

விஷயம் இதைவிடப் பழையது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812இலேயே எழுதியிருக்கிறார்: மனநோய் விடுதிகளில் விறகு வெட்டி, தோட்டம் கொத்தி, துணி துவைத்து, தரை தேய்த்தவர்கள் பலரும் தேறினார்கள், அந்தஸ்து காரணமாக இந்த வேலைகளிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் உள்ளேயே வாடிக் கிடந்தார்கள். வசதியில்லாதவரைச் சம்பளமின்றி வேலை வாங்கிய கதையும் இதற்குள் இருக்கிறது, மறைப்பானேன். இன்று நாங்கள் நோயாளியிடம் கேட்டுத்தான் வேலையைத் தேர்ந்தெடுக்கிறோம். ரொம்பச் சுலபமாக இருந்தால் மனம் பழைய இடத்துக்கே ஓடிவிடும். ரொம்பக் கடினமாக இருந்தால் ‘இதுகூட வரவில்லை’ என்று இன்னொரு குற்றச்சாட்டு சேரும். பாதியில் நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது மிஞ்சுகிற வேலை என்றால் உத்தமம்.

மறுமொழி 2

மாற்றுக் கருத்து சொல்லலாமா? நோய் உச்சத்தில் இருந்தபோது எனக்குப் பல் துலக்குவதே மலையாக இருந்தது. “எழுந்து நாலு வேலை பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். எழ முடியாததுதானே நோய்!

உடற்பயிற்சி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 பேரை வைத்து 16 வாரம் ஆய்வு செய்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களும், செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தவர்களும், இரண்டும் சேர்த்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மாத்திரைக்காரர்களுக்குப் பலன் சற்று முன்னதாகத் தெரிந்தது. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வந்தது; நடை, ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி எல்லாம் பலன் தருவதாகவே அதிலும் இருந்தது. ஆனால் ஆய்வுக்கு வர முடிந்தவர்களின் கணக்குதான் இதெல்லாம். படுக்கையை விட்டு எழாதவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். அதோடு இவை உடற்பயிற்சி பற்றியவை. தையலுக்கும் தச்சுக்கும் இந்த அளவு ஆய்வு நடக்கவில்லை.

எனக்கு முதலில் மருந்து. அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆனது. அதற்கப்புறம்தான் குரோஷா ஊசியைத் தொட முடிந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: தப்பாகப் போனால் நூலின் நுனியை இழுத்தால் போதும், வரிசை வரிசையாகப் பிரிந்து வந்துவிடும். நூலுக்கு ஒரு சேதமும் இல்லை. சில நாள் போட்டதைவிடப் பிரித்ததுதான் அதிகம். அதுவும் கைவேலைதானே?

மறுமொழி 3

மேலே எழுதிய அக்கா சொல்வது சரி. என் தம்பியிடம் நானும் ஒன்றும் ‘செய்’ என்று சொல்லவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினைக் கழற்றிக்கொண்டு, “இதைக் கொஞ்சம் பிடி” என்றேன். பிடித்தான். அன்றைக்கு அவ்வளவுதான். இப்போது பின் சக்கரத்தைப் பிரித்துக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து அவனே பூட்டுகிறான். “அந்த ஸ்பேனர் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருப்பது” என்று என்னைத்தான் விரட்டுகிறான். வராத நாளில் நான் கூப்பிடுவதில்லை. மாத்திரையை மட்டும் நினைவுபடுத்துவேன்.

ஆக்குபேஷனல் தெரபி நண்பருக்கு ஒரு கேள்வி. அறைக்குள்ளேயே அவன் தனியாகச் செய்கிற மாதிரி ஏதாவது வேலை சொல்ல முடியுமா? கூர்மையான கருவி எதுவும் இல்லாததாக இருந்தால் நல்லது. இந்த வாரம் அவன் பேசிய சில பேச்சு சரியில்லை.

மறுமொழி 4

களிமண் பிசையலாம். ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சு என்ன என்பதை அவருடைய மருத்துவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தம்பியிடமும் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.